சிக்கன கடன் சங்கமொன்றின் விண்டோஸ் கணக்கு மென்பொருளை லினக்ஸில் இயக்கியமை: ஒரு நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணம் வலிகாமம் பகுதியிலுள்ள ஒரு சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் தனது அங்கத்தவர்களின் சேமிப்பு, கடன், வட்டிக் கணக்குகளை நீண்டகாலமாக ஒரே மென்பொருளில் பதிந்து வருகின்றது. விசுவல் பேசிக் 6 என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டு, தரவை அக்செஸ் தரவுத்தளக் கோப்பொன்றில் சேமிக்கும் அம்மென்பொருளை உருவாக்கியவர் பல ஆண்டுகளுக்கு முன்னரே வெளிநாடு சென்றுவிட்டார். மூலநிரல் சங்கத்திடம் இல்லை. இருப்பவை நிறுவற் குறுந்தட்டும் அதன் உறையில் பேனையால் எழுதப்பட்ட கடவுச்சொல்லுமே. விண்டோஸ் 7 இயங்கிய பழைய கணினியின் வன்தட்டு பழுதாகத் தொடங்கியபோது, அங்கத்தவர் ஒருவர் அன்பளித்த, பாவித்ததாயினும் நல்ல நிலையிலிருந்த கணினியொன்றில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி இதே மென்பொருளை அதில் இயக்க முடியுமா என்று நிர்வாகசபை எம்மிடம் கேட்டது.

இக்கேள்விக்குப் பின்னால் தெளிவான காரணங்கள் இருந்தன. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்றும் முடிவுக்கு வந்துவிட்டன. விண்டோஸ் 11ஓ டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் ஆயின் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியையும் கேட்கின்றது. அன்பளிப்பாகக் கிடைத்த கணினி அதற்கு முந்தியது. 2022இல் ரூபாயின் பெறுமதி வீழ்ந்த பின்னர் புதிய கணினி வாங்குவது சிறு சங்கமொன்றின் கையிருப்புக்கு எட்டாததாகிவிட்டது.

விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் இயக்க உதவும் வைன் என்னும் மென்பொருளின் துணையுடன், சங்கத்தின் மென்பொருள் லினக்ஸில் இயங்கியது. ஆனால் அது திறந்தது, படிவங்கள் தோன்றின, அறிக்கை அச்சாகியது என்பவற்றை மட்டும் பார்த்து வேலை முடிந்ததென்று எழுதியிருந்தால், அங்கத்தவர்களின் வட்டிக் கணக்கு எவருக்கும் தெரியாமல் பிழையாகியிருக்கும். இந்த ஆய்வை எழுதுவதற்கான முதற் காரணம் அதுவே.

வைன் செய்வது என்ன

விண்டோஸுக்காகத் தொகுக்கப்பட்ட நிரலின் கட்டளைகளைச் செயலி நேரடியாகவே புரிந்துகொள்ளும். இரு இயங்குதளங்களும் ஒரே வகைச் செயலியிலேயே இயங்குகின்றன. தடை வேறிடத்தில் உள்ளது. விண்டோஸின் நிரற்கோப்பு பிஈ என்னும் வடிவில் அமைந்தது. லினக்ஸ் எதிர்பார்ப்பது இஎல்எஃப் வடிவை. அதைவிட முக்கியமாக, ஒரு கோப்பைத் திறக்கவும், சாளரம் வரையவும், திகதியை வாசிக்கவும் நிரலானது விண்டோஸின் நூலகங்களிலுள்ள செயற்கூறுகளைப் பெயர்சொல்லி அழைக்கின்றது. லினக்ஸில் அந்தப் பெயர்களுக்கு ஆளில்லை. வைன் அதே பெயர்களில், அதே விதமாக நடந்துகொள்ளும் நூலகங்களைத் தானே எழுதி வழங்குகின்றது. அவை வேலையை லினக்ஸிடம் ஒப்படைத்து விடையை விண்டோஸ் தரும் வடிவிலேயே திருப்பித் தருகின்றன. 1993இல் விண்டோஸ் 3.1 நிரல்களை இயக்குவதற்காகத் தொடங்கப்பட்ட இத்திட்டத்தை 1994 முதல் அலெக்ஸாந்தர் ஜூலியார் வழிநடத்துகின்றார், 1.0 பதிப்பு 2008 ஜூனிலேயே வெளிவந்தது. 2018இல் வால்வ் நிறுவனம் வைனை அடிப்படையாகக் கொண்ட புரோட்டானை வெளியிட்ட பின்னர் விளையாட்டு மென்பொருள்களுக்கான ஆதரவு மிக வேகமாக வளர்ந்தது. எம்மைப் போன்றோருக்குத் தேவையான பழைய அலுவலக நிரல்களின் மூலைமுடுக்குகளுக்கு அதே அளவு கவனம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இவ்விளக்கத்திலிருந்து ஒரு முடிவு கிடைக்கின்றது. நிரலின் உள்ளே நடைபெறும் கூட்டல், கழித்தல், பெருக்கல் மாறப்போவதில்லை. மாறக்கூடியவை நிரல் இயங்குதளத்திடம் கேட்டுப் பெறும் விடயங்கள்: எழுத்துரு, திகதி வடிவம், அச்சுப்பொறி, கோப்புப் பூட்டு. எமது சோதனைகளை இவற்றின்மீதே குவித்தோம்.

மெய்நிகர் கணினி என்ற மாற்றுவழியையும் பரிசீலித்தோம். லினக்ஸின் உள்ளே முழு விண்டோஸை இயக்கினால் நடத்தை வேறுபாடுகள் பெரும்பாலும் எழா. ஆயினும் அந்த விண்டோஸுக்கும் உரிமம் வேண்டும். நினைவகம் 4 கிகாபைட்டாக உள்ள கணினியில் அதன் பெரும்பகுதியை அதுவே எடுத்துக்கொள்ளும். ஆதரவு முடிந்த இயங்குதளம் ஒன்றைத் தொடர்ந்து பராமரிக்கும் சுமையும் நீங்காது. உரிமத்தை உறுதிசெய்யும் யூஎஸ்பி வன்பூட்டு இல்லாமல் திறக்காத கணக்கியல் மென்பொருளாயின் மெய்நிகர் கணினியையே பரிந்துரைத்திருப்போம். ஏனெனில் அத்தகைய பூட்டுகள் தமக்கென விண்டோஸ் கருநிலை இயக்கியை நாடுபவை, அதை வைன் பொதுவாக ஈடுசெய்வதில்லை. இச்சங்கத்தின் மென்பொருளுக்கு அத்தகைய பூட்டு எதுவும் இருக்கவில்லை.

நிறுவுதல்

நிறுவுதலில் சொல்ல அதிகமில்லை. அக்செஸ் கோப்பை வாசிக்கும் ஜெட் 4.0 இயந்திரம் 32 பிட்டில் மட்டுமே உள்ளது. ஆகவே வைனின் கோப்புறையை 32 பிட் அமைப்பாக உருவாக்கி, விசுவல் பேசிக் இயக்க நூலகத்தையும் ஜெட்டையும் வைன்ட்ரிக்ஸ் என்ற துணைக்கருவி மூலம் சேர்த்தோம். வைன் தானாகவே லினக்ஸின் முழுக் கோப்பு மரத்தையும் இசட் என்ற இயக்ககமாக நிரலுக்குக் காட்டும். விண்டோஸ் நச்சுநிரல் ஒன்று வைனுக்குள்ளும் இயங்கக்கூடும் என்பதால் அந்த இணைப்பை நீக்கி, சங்கத்தின் தரவு உள்ள கோப்புறையை மட்டும் விட்டுவைத்தோம்.

பாமினி

முதன்முறை மென்பொருள் திறந்தபோது, அங்கத்தவர் பெயர்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் நிறைந்திருந்தன. இதில் அஞ்சுவதற்கு எதுவுமில்லை. இம்மென்பொருள் தமிழுக்குப் பயன்படுத்தும் பாமினி எழுத்துருவில் தமிழென ஒன்று கோப்பில் சேமிக்கப்படுவதே இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்கள் வரையப்பட்டுள்ளன, அவ்வளவே. சிறிய எஃப் இருக்குமிடத்தில் க, பெரிய எஃப் இருக்குமிடத்தில் கு, டொலர்க் குறியின் இடத்தில் கூ, அரைப்புள்ளியின் இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளி. எழுத்துருவைப் பழைய கணினியிலிருந்து எடுத்து வைனின் எழுத்துருக் கோப்புறையில் இட்டதும் பெயர்கள் மீண்டன. அதே பதிப்பைத்தான் எடுக்க வேண்டும். பாமினி என்ற பெயரில் எம்மிடையே உலவும் எழுத்துருக் கோப்புகள் எல்லாம் ஒன்றல்ல, சில குறிகளில் அவை வேறுபடுகின்றன.

திகதி

இனி இந்த ஆய்வின் மையத்துக்கு வருகின்றோம். சோதனைக்காக 2025 மார்ச் மாத வவுச்சர்கள் அனைத்தையும் இலிகிதர் புதிய கணினியில் மீளப் பதிந்தார். ஆண்டிறுதிப் பரீட்சை மீதியை இரு கணினிகளிலும் எடுத்து ஒப்பிட்டோம்: ஒரு சதமும் வேறுபடவில்லை. வழக்கமான கணக்காய்வும் இந்த இடத்தில் திருப்தியுடன் நின்றிருக்கும். ஆனால் மார்ச் மாத அறிக்கையை எடுத்தபோது அதில் மாதத்தின் முதற் பகுதிப் பதிவுகள் ஏறத்தாழ முழுமையாகவே இல்லை. இலிகிதர் அடுத்தடுத்த மாதங்களின் அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, பங்குனி ஐந்தாந் திகதி கட்டின காசு வைகாசி மூண்டில கிடக்குது, பன்னிரண்டாந் திகதி கட்டினது மார்கழிக்குப் போயிற்று” என்றார்.

காணாமற்போன பதிவுகள் எல்லாம் வெவ்வேறு மாதங்களின் மூன்றாந் திகதியில் நின்றன. நாளும் மாதமும் இடம்மாறியிருந்தன. லினக்ஸை நிறுவியபோது மொழி அமைப்பில் அமெரிக்க ஆங்கிலம் தெரிவாகியிருந்தது. வைன் அதைப் பின்பற்றித் தனது திகதி வடிவத்தை மாதம், நாள், ஆண்டு என அமைத்துக்கொண்டது. பழைய விண்டோஸ் பிரித்தானிய ஆங்கிலத்தில் இருந்தது. மென்பொருளின் சேமிப்புப் படிவம் திகதியை வெறும் எழுத்துச்சரமாக வாங்கி, அதை எப்படி வாசிப்பதென்ற முடிவை இயங்குதளத்திடமே விட்டிருந்தது.

இப்பிழையைக் கொடியதாக்குவது அது பாதி நேரம் சரியாக நடந்துகொள்வதே. 12ஆம் திகதிக்குப் பிந்திய பதிவொன்றை மாதம் முதலாக வாசிக்க முயன்றால் பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லை. அப்போது திகதியை வாசிக்கும் செயற்கூறு எந்த எச்சரிக்கையும் தராமல் நாளும் மாதமும் மாறியிருக்கலாமென்று கருதிச் சரியாகவே வாசித்துவிடும். விண்டோஸின் சொந்த நூலகமும் அப்படித்தான் நடக்கும். வைன் அதை உண்மையாகப் பின்பற்றியிருக்கின்றது. நாளும் மாதமும் ஒரே எண்ணாக உள்ள மார்ச் 3 போன்ற திகதிகளிலும் பிழை தெரியாது. மாதத்தின் முதற் பன்னிரண்டு நாள்களில் மீதிப் பதினொன்றே கெடுகின்றன. கெட்டவையும் அதே ஆண்டுக்குள்ளேயே சிதறுவதால் ஆண்டுக் கூட்டுத்தொகை சற்றும் அசைவதில்லை. ஆனால் சங்கம் வட்டியைக் கணிப்பது ஒவ்வொரு மாதத்தினதும் ஆகக் குறைந்த மீதியைக் கொண்டு. மார்ச் 5இல் வைப்பிட்ட ஒருவரின் பணம் மே 3இல் பதியப்பட்டால் அவர் ஏப்ரல், மே ஆகிய இரு மாதங்களின் வட்டியை இழக்கின்றார்; மார்ச் 5இல் மீளப்பெற்றவரோ தன்னிடமில்லாத பணத்துக்கு வட்டி பெறுகின்றார். மேலும், அக்செஸ் கோப்பில் திகதியானது 1899 டிசம்பர் 30இலிருந்து எண்ணப்படும் நாள் எண்ணாகவே சேமிக்கப்படுகின்றது. தவறாக வாசிக்கப்பட்டபின் அந்த எண்ணைப் பார்த்து மூலத் திகதி எதுவென்று கண்டறிய வழியில்லை. வவுச்சரைத் தேடியெடுத்தே திருத்த வேண்டும்.

தீர்வு ஒரு வரியில் முடிந்தது. மென்பொருளைத் தொடக்கும் கட்டளையிலேயே அதற்குரிய மொழி அமைப்பைப் பிரித்தானிய ஆங்கிலமாக நிர்ணயித்தோம். கணினி முழுவதற்கும் மாற்றுவதைவிட இதுவே பாதுகாப்பானது என்று கருதுகின்றோம். பின்னர் யாரேனும் கணினியின் மொழியைத் தமிழுக்கு மாற்றினாலும் இம்மென்பொருளின் திகதி பாதிக்கப்படாது. சோதனைப் பதிவுகளை அழித்து, மார்ச் மாதத்தை மீண்டும் பதிந்து, மாதவாரியாகவும் அங்கத்தவர்வாரியாகவும் ஒப்பிட்டபோது எல்லாம் பொருந்தின. இத்தகைய இடமாற்றத்தில் ஈடுபடும் எவரும் ஆண்டு மொத்தத்தை ஒப்பிடுவதோடு நிற்கக்கூடாது. மாதத்தின் முதற் பன்னிரண்டு நாள்களுக்குரிய தனித்தனிப் பதிவுகளைக் கட்டாயம் ஒப்பிட வேண்டும்.

சேமிப்புப் புத்தகமும் அறிக்கையும்

கருமபீடத்தில் அங்கத்தவர் நீட்டும் சேமிப்புப் புத்தகத்தில் வரி பிசகாமல் அச்சிடுவது 24 ஊசி டொட் மெட்ரிக்ஸ் அச்சுப்பொறி. மென்பொருள் இதற்கு விண்டோஸின் அச்சு அமைப்பைப் பயன்படுத்துவதில்லை. எல்பிடி1 என்னும் துறைக்கு நேரடியாகவே எழுத்துகளையும் அச்சுக் கட்டளைகளையும் அனுப்புகின்றது. புத்தகத்தில் இலக்கங்களும் ஆங்கிலச் சுருக்கக் குறிகளும் மட்டுமே காணப்படுவதற்கு அதுவே காரணம். புதிய கணினியில் பழைய அச்சுத் துறையே இல்லை. அச்சுப்பொறியை யூஎஸ்பியில் இணைத்து, வைனின் பதிவேட்டில் எல்பிடி1 என்ற பெயர் லினக்ஸின் யூஎஸ்பி அச்சுச் சாதனக் கோப்பைச் சுட்டுமாறு அமைத்தோம். இலிகிதரின் பயனர்க் கணக்கை அச்சு அனுமதியுள்ள குழுவிலும் சேர்த்தோம். அனுப்பப்படும் பைட்டுகளில் எவரும் கைவைப்பதில்லையாதலால் வரி இடைவெளி பழையபடியே அமைந்தது. மின்சாரம் போய் வந்தபின் சாதனக் கோப்பின் எண் மாறக்கூடும் என்பதால் அச்சுப்பொறிக்கு மாறாத பெயரொன்றை, லினக்ஸில் சாதனங்களுக்குப் பெயரிடும் யூடெவ்வின் விதி மூலம் கொடுத்தோம். இதே அச்சுப்பொறியை லினக்ஸின் அச்சு அமைப்பான கப்ஸில் பதிவு செய்யவில்லை; இரு தரப்பும் ஒரே சாதனத்தைப் பிடிக்க முயன்றால் சாதனக் கோப்பு இடையில் மறைந்துபோகும்.

தமிழில் அமைந்த அறிக்கைகள் வேறு வழியால், கப்ஸ் ஊடாக, லேசர் அச்சுப்பொறிக்குச் செல்கின்றன. தாளின் அளவு அமெரிக்க லெட்டராக இருந்ததை ஏ4க்கு மாற்றியது தவிர அங்கே வேலை இருக்கவில்லை.

இரண்டாவது கருமபீடம்

சந்தை நாள்களில் இரண்டு கணினிகளிலிருந்து ஒரே தரவுக்கோப்பில் பதிவது சங்கத்தின் வழக்கம். இதை நாம் அனுமதிக்கவில்லை. ஜெட் இயந்திரம் பல பயனர்களைக் கையாள்வது கோப்பின் பகுதிகளைப் பூட்டுவதன் மூலம். விண்டோஸ் கணினிகளுக்கு இடையே வலையமைப்பில் நடைபெறும் அந்தப் பூட்டுதல், வைன், லினக்ஸ் கோப்பு அமைப்பு, சம்பா என்னும் வலையமைப்புக் கோப்புப் பகிர்வு ஆகிய மூன்று அடுக்குகளைக் கடந்தும் எல்லா வேளையிலும் அவ்வாறே நடைபெறுமென்று உறுதியளிக்க எம்மால் இயலாது. ஒரு பதிவு மற்றொன்றின்மேல் எழுதப்பட்டால் அது உடனே தெரியவும் மாட்டாது. பதிவு ஒரு கணினியில் மட்டும். இரண்டாவது கருமபீடத்தில் கையால் எழுதும் காசேடு. இம்முடிவு ஊழியர்களுக்குச் சிரமம் தந்தது என்பதை அறிவோம், அதில் மாற்றமில்லை.

ஒரு வசதியையும் குறிப்பிட வேண்டும். மென்பொருள், இயக்க நூலகங்கள், எழுத்துரு, பதிவேடு யாவும் வைனின் ஒரே கோப்புறைக்குள் அடங்கியுள்ளன. நாள் முடிவில் அதனையும் தரவையும் வெளி வன்தட்டில் நகலெடுத்தால், கணினி முற்றாகப் பழுதானாலும் அதே வைன் பதிப்புள்ள வேறொரு கணினியில் அப்படியே வைத்துத் தொடரலாம். 2022இல் ஒரு நாளில் 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில், இடைநடுவில் அணைந்து கெட்ட தரவுக்கோப்பைப் பழுதுபார்ப்பதிலேயே பொழுது போன ஊழியர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே தெரிந்தது.

பழைய குறைகளும் கூடவே வந்தன

வைன் விண்டோஸைப் போல நடந்துகொள்வதில் வெற்றி பெறும்போது, மென்பொருளின் பழைய குறைகளும் மாறாமல் வந்து சேர்கின்றன. இரண்டு குறைகளை இங்கு காட்டலாம். பாமினியில் மூ என்ற எழுத்து சதவீதக் குறியின் இடத்தில் உள்ளது. மென்பொருளின் பெயர் தேடலில் சதவீதக் குறிக்கு எதுவாயினும் பொருந்தும் என்று பொருள். ஆகவே மூ என்று மட்டும் தட்டித் தேடினால் அங்கத்தவர் அனைவரும் வந்து நிற்கின்றனர். பழைய கணினியிலும் அப்படியே நடந்தது.

மற்றது பாரதூரமானது. கடன் படிவத்தில் முடிவுத் திகதிக்கான பெட்டி ஆண்டுக்கு இரண்டு இலக்கங்களையே ஏற்கின்றது. 00 முதல் 29 வரையான ஆண்டுகள் 2000களாகவும், 30 முதல் 99 வரையானவை 1900களாகவும் வாசிக்கப்படுகின்றன. 2025இல் வழங்கப்படும் ஐந்தாண்டுக் கடன் 2030இல் முடிய வேண்டும். மென்பொருளோ அதை 1930இல் முடிந்த கடனாகக் கொண்டு, வழங்கிய அன்றே நிலுவைப் பட்டியலில் சேர்த்துவிடுகின்றது. விண்டோஸ் 7இலும் வைனிலும் விளைவு ஒன்றே. மூலநிரல் இல்லாத நிலையில் இதைத் திருத்த முடியாது.

ஆகவே நிர்வாகசபைக்கு நாம் எழுதிய பரிந்துரை, வைனை நிரந்தர இருப்பிடமாகக் கொள்ளாமல், தரவை வெளியே எடுக்கும்வரை கணக்கு தடையின்றி நடைபெறுவதற்கான ஏற்பாடாக மட்டும் கொள்ள வேண்டும் என்பதாகும். அதுவரை 2030ஐத் தொடும் கடன்கள் கைப்பேரேட்டில் பதியப்படுகின்றன.

தரவை வெளியே எடுத்தல்

லினக்ஸிலுள்ள எம்டிபி டூல்ஸ் என்ற கருவித்தொகுதி அக்செஸ் கோப்பின் அட்டவணைகளை ஜெட்டின் உதவியின்றியே வாசித்துச் சாதாரண எழுத்துக்கோப்புகளாகத் தருகின்றது. எண்களும் திகதிகளும் சிரமமின்றி வந்தன. பெயர், முகவரி ஆகிய புலங்களைப் பாமினியிலிருந்து, தமிழெழுத்துகளுக்குத் தனிக் குறியெண்கள் உள்ள பொதுக் குறிமுறையான யுனிகோடுக்கு மாற்றும் வேலைதான் நுணுக்கமானது. அடையாள அட்டை இலக்கம் போன்ற ஆங்கிலப் புலங்களை மாற்றியில் இடக்கூடாது. இட்டால் இலக்கத்தின் இறுதியிலுள்ள ஆங்கில எழுத்தும் தமிழாகிவிடும். பாமினியில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி மெய்யெழுத்துக்கு முன்னால் சேமிக்கப்படுகின்றன. யுனிகோடில் அவை மெய்யெழுத்துக்குப் பின்னால் வரவேண்டும்.

கொக்குவில் என்ற முகவரியை எடுத்துக்கொள்வோம். அதன் முதலெழுத்து பாமினியில் கொம்பு, க, அரவு (கால் குறி) என மூன்று துண்டுகளாக உள்ளது. மாற்றி முதலில் கொம்பையும் ககரத்தையும் சேர்த்துக் கெ ஆக்கி, அரவை அப்படியே பின்னால் ஒட்டினால், திரையில் கொ என்றுதான் தெரியும். ஆனால் உள்ளே ஒகரக் குறி ஒன்றாக இல்லாமல் எகரக் குறியும் அரவுமாகப் பிரிந்து கிடக்கும். விசைப்பலகையில் கொக்குவில் என்று தட்டித் தேடுபவருக்கு அந்த அங்கத்தவர் அகப்படமாட்டார். கோண்டாவிலுக்கும் இதே கதிதான். நீளமான சேர்க்கைகளை முதலில் மாற்றும் ஒழுங்கைப் பின்பற்றியதுடன், முடிவில் எல்லாப் புலங்களையும் யுனிகோடின் சேர்த்தெழுதும் இயல்பு வடிவத்துக்குக் கொண்டுவந்தோம். மாற்றிய பெயர்ப்பட்டியலை அச்சிட்டு இலிகிதரிடம் கொடுத்தோம். அவர் அங்கத்தவர் பதிவேட்டுடன் ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டுக் குறியிட்டு வருகின்றார். இந்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்க முடியாது. பெயருக்குரியவரை அறிந்தவரே செய்ய வேண்டும்.

தற்போதைய நிலை வருமாறு. அன்றாடப் பதிவுகள் வைனில் நடைபெறுகின்றன. வைனின் பதிப்பு தானாகப் புதுப்பிக்கப்படாதபடி நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. எப்போதாவது புதுப்பித்தால் மார்ச் மாத வவுச்சர்களைச் சோதனைப் பிரதியொன்றில் மீளப் பதிந்து ஒப்பிட்ட பின்னரே கருமபீடத்துக்குக் கொண்டுவர வேண்டுமென்ற குறிப்பு, தொடக்கக் கட்டளையின் அச்சுப் பிரதியுடன் சங்கத்தின் கோவையில் இடப்பட்டுள்ளது. பெயர்ப்பட்டியல் சரிபார்ப்பு முடிந்ததும் யுனிகோட் தரவு புதிய முறைமைக்கு ஏற்றப்படும். அதன்பின் பழைய மென்பொருள் முந்திய ஆண்டுகளின் கணக்கைப் பார்ப்பதற்கு மட்டும், எழுதும் அனுமதி நீக்கப்பட்ட தரவுக்கோப்புடன் பேணப்படும்.